எங்கே என்று காட்டித் தா, அம்மாளே

மூன்றரை வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் விம்பிள்டன் ஸ்டேஷனில் வேலை உடுப்போடு நான் மயங்கி விழுந்தேன். டிக்கெட் கேற்றடியில் நிற்பதுதான் என் வேலை. ஒரு பெண்ணின் பெட்டி கேற்றுக்குள் சிக்கிவிட்டது. குனிந்து இழுத்தேன். அடுத்ததாக நான் கண்டது மேலே இருந்த கூரையை. யாரோ ஒருவருடைய கோட் என் தலைக்குக் கீழே இருந்தது. சுற்றிவர ஆட்கள். எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? ஐயோ, காலைச் சனம் எல்லாம் கேற்றில் நிற்குதே என்பதுதான்!

அம்மாளின் அடியார்களே, எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. கதைக்கச் சொன்னால் நிறுத்தமாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் எனக்கு அம்மாள் செய்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தால் நான் நன்றி கெட்டவள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. சட்டன் என்ற இடத்தில் எங்கள் வீடு, மாடிப்படி பதின்மூன்று. ஏழாவது படியில் குந்தியிருந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மற்ற ஆறும் ஏறுவேன். தலைமயிர் சீப்போடு வந்தது. நகம் குழிந்து போனது. குசினிக்குள் நின்று பச்சை அரிசியை அள்ளி அள்ளிக் கொறிப்பேன். ஏன் என்று எனக்கே தெரியாது. "அம்மா, நீங்கள் என்ன கோழியா?" என்று மகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உடம்பில் இரும்புச் சத்து இல்லாதபோது சிலருக்கு அப்படி ஆசை வரும் என்று பிறகு டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்பு கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். குளிசை தந்தார்கள். மூன்று மாதம் ஒரு நாளும் விடாமல் போட்டேன், காலையில் சூடான தேத்தண்ணீரோடு. மறுபடியும் இரத்தம் எடுத்தால் அப்படியே நிற்கிறது. தேத்தண்ணீர் இரும்பை உடம்பில் சேரவிடாதாம். யாருக்குத் தெரியும்? எங்கள் ஆட்களுக்குக் குளிசை என்றால் தேத்தண்ணீர்தானே. பிறகு தோடம்பழச் சாற்றோடு, அந்த ஒரேஞ்ச் ஜூஸோடு, போட்டேன். அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் டொக்டர் வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள்.

சீலியாக் என்று ஒரு வருத்தம். கோதுமை, பார்லி, ரை என்கிற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பு தன் குடலைத் தானே தாக்குகிறது. சிறுகுடலின் உள்சுவரில் சின்னச் சின்ன விரல்கள் மாதிரி இருந்து சத்தை உறிஞ்சி எடுக்கிறவை தேய்ந்து போய்விடுகின்றன. பிறகு நீங்கள் கீரையைத் தின்றாலும் ஒன்று, பலகையைத் தின்றாலும் ஒன்று. மருந்து கிடையாது. கோதுமையை ஒரு துளியும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

அன்றைக்கே என் கணவர் குசினியைத் தலைகீழாக்கினார். பாண், பிஸ்கற், கோதுமை மா எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. இங்கே நாங்கள் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலக்கிறவர்கள் அல்லவா? அதை நிறுத்தித் தனி அரிசி மாவில் அவித்தார். முதல் நாள் இடியப்பம் கல்லாக இருந்தது. "கடிச்சுச் சாப்பிடும், பல்லுக்கும் நல்லது" என்றார். புதுப் புட்டுப் பானை, புது அகப்பை, புது வடி. கடைக்குப் போனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாக லேபிள் வாசிப்பார். கடைக்காரர் அவரைக் கண்டால் கதிரை எடுத்துப் போடுவாராம்.

கைவழியாக ஊசி போட்டு, சேலைன் மாதிரி இரும்பு ஏற்றினார்கள். ஒரு மாதம் நான் பறந்தேன். படி எல்லாம் ஒரே மூச்சில் ஏறினேன். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. இன்னொரு முறை ஏற்றினார்கள். அதுவும் இறங்கியது. ஓட்டைக் குடத்துக்குள் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. வேலைக்குப் போவேன், வருவேன், சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் கிடப்பேன். மகள் வந்து சப்பாத்தைக் கழற்றி வைப்பாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

ஒன்றரை வருடம் கடுமையாகப் பத்தியம் இருந்த பிறகும் இரத்தத்தில் குடலைத் தாக்குகிற அந்த எதிர்ப்புப் பொருளின் அளவு இறங்கவில்லை. உணவு ஆலோசகர் ஒரு வெள்ளைக்காரப் பெண், மிகவும் அன்பானவர். "எங்கேயோ குளூட்டன் உள்ளே போகிறது" என்றார். எனக்கு வந்ததே கோபம்! கள்ளமாகக் கேக் தின்கிறேன் என்று நினைக்கிறாரா? ஒரு கிழமைக்கு வாயில் போடுகிற எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். எழுதினேன். சோறு, பருப்பு, கீரை, மீன், அரிசி மாப் புட்டு, வாழைப்பழம். "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். இரும்புக் குளிசையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த முறை பெரிய டொக்டரைச் சந்தித்தபோது அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தார். டொக்டர்மார் கதிரையைக் கிட்ட இழுத்தால் நல்ல செய்தி வராது என்று எனக்குத் தெரியும். சிலருக்குப் பத்தியம் இருந்தும் குடல் ஆறாதாம். அப்படியென்றால் பாரதூரமான வேறு வருத்தமாகவும் இருக்கலாம், திரும்பக் கமரா விட்டுச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். அந்த வேறு வருத்தத்தின் பெயரையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாலு கிழமையில் நாள் குறித்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கணக்குத்தான் போட்டேன். மகளுக்கு இப்போது பதின்மூன்று. பெரிய பிள்ளையாக இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? அதுவரை நான் இருப்பேனா?

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வழக்கமாகப் போகிற அம்மன் கோயிலுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், கும்பிடப் போகவில்லை. சண்டை பிடிக்கப் போனேன். இரண்டு வருடமாக "சுகம் தா, சுகம் தா" என்று கேட்டு அலுத்துவிட்டேன். தேர்த்திருவிழாவுக்குப் பாற்குடம் எடுக்கிறேன் என்று நேர்த்தி வைத்து, அரை வீதி சுற்றுவதற்குள் கால் நடுங்கி, குடத்தை இன்னொருத்தியின் தலையில் வைத்துவிட்டு மதிலடியில் இருந்து அழுதவள் நான். ரவைக் கேசரியும் கோதுமை மா கலந்த வடையும் பிரசாதமாகத் தரும்போது கையை நீட்ட முடியாமல் நிற்பேன். உன்னுடைய பிரசாதம்கூட எனக்கு நஞ்சா என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்கும் திட்டத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. களைத்துப்போனேன். தூணோடு சாய்ந்து நின்றுகொண்டு சொன்னேன்: "அம்மாளே, சுகம் தரவேண்டாம். அதை டொக்டர்மார் பார்க்கட்டும். அந்தக் கோதுமை எங்கேயால் எனக்குள்ளே வருகிறது என்று மட்டும் காட்டித் தா. எங்கே என்று மட்டும் காட்டு. மிச்சத்தை நான் பார்க்கிறேன்."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கண்ணீரும் வரவில்லை, மெய்சிலிர்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம், பூசைக்கு முன், கோயில் அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பாக இருக்கிற பரமேசக்கா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தார். எழுபது வயது, ஆனால் அந்தக் கையில் இருந்து யாரும் தப்ப ஏலாது.

"பிள்ளை, நீர் சும்மாதானே நிக்கிறீர்? உமக்கு இங்கிலிஸ் எழுத்து வடிவாய் வரும். கவுன்சிலால வந்து பாத்தவை, சாப்பாட்டில என்ன என்ன கிடக்குதெண்டு போர்ட் எழுதிப் போடட்டாம். நட்ஸ், பால், கடுகு, எள்ளு... கனக்கச் சொன்னவை. எனக்கு இந்தப் பொடி எழுத்தெல்லாம் தெரியுதில்லை. ஒருக்கா எழுதித் தாரும்."

"அக்கா, எனக்கு நிக்கவே ஏலாமக் கிடக்கு."

"ஆர் உம்மை நிக்கச் சொன்னது? கதிரையில இருந்து எழுதும்."

மறுத்துப் பேச முடியுமா? மடைப்பள்ளிக்குள் போனேன். அலுமாரியில் இருந்த ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தார்கள். பருப்பு, ஒன்றும் இல்லை. சாம்பார்த்தூளில் கடுகு. மோருக்குப் பால். பாயசத்துக்குக் கஜு. இங்கிலாந்தில் ஒவ்வாமை தருகிற சாமான்களின் பெயரை லேபிளில் கொட்டை எழுத்தில் போடவேண்டும் என்பது சட்டம். அதனால் அந்தக் கறுப்பு எழுத்தை மட்டும் தேடித் தேடி எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியாக ரசம். புளி, மிளகு, சீரகம். பெருங்காயப் பெட்டியை எடுத்தேன். திருப்பினேன்.

பிசினுக்கு அடுத்ததாக, கொட்டை எழுத்தில், கோதுமை மா என்று இருந்தது.

திரும்ப வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். பெருங்காயம் ஒரு செடியின் பிசின் என்றுதானே நாங்கள் எல்லாரும் நினைத்திருக்கிறோம்? அதைத் தூளாக்குவதற்கு மாவோடு கலக்கிறார்களாம். எல்லாக் கொம்பனியும் அல்ல, சிலர் அரிசி மா கலப்பார்கள். இந்தப் பெட்டியில் இருந்தது கோதுமை.

இப்போது நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். உணவு ஆலோசகருக்கும் சொல்லாமல் விட்டது அதுதான். எனக்கு வயிறு ஊதத் தொடங்கிய நாளில் இருந்து என் கணவர் காலையிலும் மாலையிலும் வெந்நீரில் பெருங்காயத்தூள் கலந்து தருவார். ஊதினால் பெருங்காயம், அது எங்கள் கைமருந்து. அதனால் வயிறு இன்னும் ஊத, அவர் இன்னும் அரைக் கரண்டி கூட்டிப் போட்டார். அது சாப்பாடு இல்லை, அதனால் சாப்பாட்டுப் பட்டியலில் எழுதவில்லை. அது டொக்டர் தந்த மருந்தும் இல்லை, அதனால் மருந்து என்றும் சொல்லவில்லை. ஆலோசகர் கேட்ட இரண்டு கேள்விக்கும் நடுவால் அது தப்பிப் போய்விட்டது. லேபிள் வாசிக்கிற மனிதரும் அதை வாசிக்கவில்லை. கோயிலில் இருந்த அதே கொம்பனிப் பக்கெற்றை வெட்டிப் போத்தலுக்குள் கொட்டிவிட்டு எறிந்துவிடுவார். மருந்துக்கு யார் லேபிள் வாசிப்பார்கள்?

பெட்டியை மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். பரமேசக்கா நான் மயங்கப் போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை? என்ன செய்யுது?"

"அக்கா, காட்டிப்போட்டா" என்றேன். "அம்மாள் காட்டிப்போட்டா!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நான் அழுதபடியால் அவரும் சேர்ந்து அழுதார். அதுதான் பரமேசக்கா.

யோசித்துப் பாருங்கள். நான் கேட்டது ஒரு கிழமைக்கு முன். எங்கே என்று கேட்டேன். பதிலை என் கையாலேயே, அம்மாள் தன்னுடைய வீட்டுக் குசினியில் இருத்தி, பேனை தந்து எழுத வைத்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு புல்லரிக்கிறது. அந்தப் பெட்டி அங்கேதான் இருந்தது. வருடக் கணக்காக நான் நின்று அழுத இடத்தில் இருந்து இருபது அடி தூரத்தில்.

லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் தம்ளரோடு நிற்கிறார்.

"இந்தாரும், சூட்டோட குடியும். முகம் ஏன் வாடிக் கிடக்கு?"

எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் ஒரு நாளும் தவறாமல் கலந்து தந்த மனிதர். காய்ச்சலில் கிடந்தபோதும் எழும்பி வந்து கலந்து தந்தவர். தம்ளரை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"நானெல்லோ தந்தனான்" என்றார். "என்ர கையாலயெல்லோ தந்தனான்."

"விசரே உங்களுக்கு? மருந்தெண்டு நினைச்சுத்தானே தந்தனீங்கள். நானும் மருந்தெண்டு நினைச்சுத்தானே குடிச்சனான்."

அவர் கேட்கவில்லை. குசினிக்குள் போய் அந்தப் போத்தலைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். மகள் போய்ப் பின்னால் கட்டிப்பிடித்து, "அப்பா, இட்ஸ் ஓகே. நீங்கள்தானே அம்மாவைப் பார்த்தீங்கள்" என்றாள். அப்போதுதான் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். கலியாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை உணவு ஆலோசகருக்குப் போன் எடுத்தேன். எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை நாள் குடித்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இனி எல்லாத் தமிழ் ஆட்களிடமும் இதைத் தனியாகக் கேட்பேன் என்றார். பெரிய டொக்டர் கமராவைத் தள்ளிவைத்தார். அடியோடு விடவில்லை, மூன்று மாதம் இதை நிறுத்திப் பார்ப்போம், பிறகு இரத்தம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வோம் என்றார். அந்த மூன்று மாதமும் நான் அவர் சொன்னதை வரிக்கு வரி செய்தேன். சாமி காட்டிவிட்டது, இனி டொக்டர் எதற்கு என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள். குளிசையைத் தோடம்பழச் சாற்றோடு போட்டேன், தேத்தண்ணீரை இரண்டு மணித்தியாலம் தள்ளி வைத்தேன்.

மாசியில் முடிவு வந்தது. எதிர்ப்புப் பொருளின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இரும்பு, திரும்ப ஊசியால் ஏற்றாமலேயே, நின்ற இடத்தில் நின்றது. ஆடியில் இன்னும் நல்ல முடிவு. பிறகு ஒரு முறை கமரா விட்டும் பார்த்தார்கள். குடல் ஆறிக்கொண்டு வருகிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த டொக்டர் இந்த முறை கதிரையை இழுக்கவே இல்லை. நின்றபடியே சிரித்தார்.

அன்று நேரே கோயிலுக்குப் போனேன். அம்மாளுக்கு முன்னால் நின்றேன். கேட்க ஒன்றும் வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து ஒன்றும் கேட்காமல் கோயிலில் நின்ற முதல் நாள் அதுதான். சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் மடைப்பள்ளியில்தான். பெருங்காயம் அரிசி மா கலந்ததாக வாங்குகிறோம். ரசத்துக்குத் தனிப் பானை, தனி அகப்பை. யாராவது அகப்பையை மாற்றிப் போட்டால் என் வாய்க்கு அகப்படுவார்கள். போர்ட்டும் என் எழுத்துத்தான்.

இந்த வருடம் சித்திரையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கோயிலுக்கு வருகிற ஓர் அண்ணை, பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வான் ஓடுகிறவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். பூசை முடிந்ததும் விபூதியைப் பூசிக்கொண்டு போய்விடுவார். ஒரு நாளும் பந்தியில் இருந்தது கிடையாது. காசு கொஞ்சம் கையில் சேர்ந்ததும் எங்களோடு இருந்து சாப்பிட வெட்கமாக்கும் என்று நாங்கள் கதைப்போம். நானும் கதைத்திருக்கிறேன். அன்று அவர் போர்ட்டுக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இது ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை. ஏன், எழுத்துப் பிழையோ?"

"ரசத்தில கோதுமை இல்லையெண்டு கிடக்கு. உண்மையோ?"

"ஓம் அண்ணை. சோறு, பருப்பு, ரசம், மோர் நாலும் சுத்தம். தனிப் பானை. எனக்கும் அந்த வருத்தம்தான், நானும் இதைத்தான் சாப்பிடுறன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெல்லப் போய்ப் பந்தியில் இருந்தார். நான்தான் போட்டேன். முதல் கவளத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தார்.

"எனக்கும் இந்த வருத்தம் வந்து அஞ்சு வருசம், தங்கச்சி" என்றார். "ஆருக்கும் சொல்லேல்லை. சொன்னா நடிக்கிறான் எண்டு சிரிப்பினம். அம்மாளிட்ட மட்டும்தான் கேட்டனான். உன்ர வீட்டில எல்லாரோடையும் ஒரு நேரம் இருந்து சாப்பிடவேணும், அதுக்கு ஒரு வழி காட்டு எண்டு."

அகப்பை என் கையில் இருந்தது. என்னுடைய பிரார்த்தனைக்குத்தான் அம்மாள் பதில் தந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அவர் கேட்கத் தொடங்கியது எனக்கு முன்னால்.

அதனால் நீங்களும் கேளுங்கள். களைப்பை வயது என்று சொல்லி மூடி வைக்காமல் டொக்டரிடம் போங்கள், இரத்தம் எடுங்கள், கைமருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதோடு அம்மாளிடம் கேளுங்கள். பிந்துகிறதே என்று என்னைப்போலத் திட்டினாலும் பரவாயில்லை, கேட்பதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கான பதிலை அவள் இப்போது எந்தக் களைத்துப்போனவளைக் கதிரையில் இருத்தி எழுத வைத்துக்கொண்டிருக்கிறாளோ, யாருக்குத் தெரியும்.